தாய்ச்செடியின் முகவரி: எல்லையோர நாற்றங்கால்களும் சட்டமும்



பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் கேரள பால்வளத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து போகும் பால் லாரி அங்கே நிற்க வேண்டும். மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடம் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அதே சாலையில் தென்னங்கன்று ஏற்றிக்கொண்டு போகும் வேனை யாரும் இப்படி நிறுத்திச் சோதிப்பதில்லை. பால் கெட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நெட்டைத் தென்னையில் குறை தெரிய ஆறேழு ஆண்டாகும். அதற்குள் கன்று விற்றவர் தொழிலை மாற்றியிருப்பார், ரசீது தொலைந்திருக்கும், உழவர் உரத்துக்கும் தண்ணீருக்கும் போட்ட பணம் மண்ணோடு போயிருக்கும்.

நாற்றுத் தொழிலைப் பற்றிய கொள்கைப் பேச்சு இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உழவில் எடுக்கும் முடிவுகளிலேயே நெடுநாள் நிற்பது கன்றைத் தேர்ந்தெடுக்கும் முடிவு. நம் சட்டங்கள் மிகக் குறைவாகக் கவனித்திருப்பதும் அதைத்தான்.

கேரளத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசும் உழவர்கள் வாழும் பகுதிகள் இரண்டு. ஒன்று சித்தூர்ச் சமவெளி: வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். தென்னை, மா, காய்கறி என்று பொள்ளாச்சியின் பயிரேதான் அங்கும். மற்றொன்று இடுக்கி மலை. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே கம்பம் பள்ளத்தாக்கோடு ஒட்டிய ஏலக்காடும், வடக்கே மறையூர், காந்தலூர், வட்டவடையின் பூண்டும் உருளைக்கிழங்கும். 1956-இல் மாநிலக் கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. மண்ணும் மழையும் கல்யாண உறவும் கோட்டைப் பார்க்கவில்லை. இன்றும் விடியுமுன் கம்பம், தேவாரம், போடியிலிருந்து ஜீப்பில் மலையேறும் பெண்கள்தான் ஏலத்தோட்டத்து வேலையின் முதுகெலும்பு. பாத்தி கட்டி, பையில் மண் நிரப்பி, பிடுங்கிய நாற்றைத் தரம் பிரிக்கும் வேலையும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் நடக்கிறது.

இங்கே நர்சரி என்பது பெரும்பாலும் கம்பெனி அல்ல. வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை, சில ஆயிரம் பைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, வாடிக்கையாளர் பத்துப்பேரின் அலைபேசி எண்கள். இவ்வளவுதான் பலருடைய முதலீடு. கொள்கை வகுப்பவர்கள் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுதும் எந்த விதியும் மலையேறாது.

ஏலத்தை எடுத்துக்கொள்வோம். விஷயம் முழுக்க அதில் இருக்கிறது.

ஏலத்தைப் பெருக்க இரண்டு வழி. விதை போட்டு நாற்று எடுக்கலாம். தூரைப் பிரித்துத் தட்டை நடலாம். விதையின் தோல் கெட்டியானது. ஆராய்ச்சி நிலையங்கள் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவச் சொல்கின்றன. பிறகு முதல் நாற்றங்கால், மூன்று நான்கு இலை விட்டதும் இரண்டாம் நாற்றங்கால், அங்கிருந்து தோட்டம் என்று ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும். இந்த வழியில் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஏலத்தை அழிக்கும் கட்டே என்ற தேமல் நோயின் வைரஸ் விதை வழியே பரவுவதில்லை. ஆனால் ஏலம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தேனீ எந்தச் செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே சரத்தில் எடுத்த விதையிலிருந்து பத்துக் குணமுள்ள செடிகள் வரும்.

தட்டையில் இது தலைகீழ். தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். தாயின் நோயும் கூடவே வரும்.

கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் 1980-களில் தன் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த ஞள்ளானி, தட்டையின் மதிப்பை மாற்றிவிட்டது. மலபார், மைசூர் வகைகளின் இயற்கைக் கலப்பான வழுக்கை வகையைச் சேர்ந்தது அது. பருத்த பச்சைக் காய், நீண்ட சரம். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 1,500 கிலோவைத் தாண்டும் விளைச்சல். ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் ஊருக்கு வருவதுதான் வழக்கம். இங்கே உழவர் கண்டுபிடித்ததை ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வந்து அளந்தார்கள். சில ஆண்டுகளில் இடுக்கியின் ஏலக்காட்டில் பெரும்பகுதி ஞள்ளானியாகிவிட்டது. திருத்தாலி, வைகை என்று உழவர்கள் தேர்ந்தெடுத்த வேறு வகைகளும் பின்னர் வந்தன. இந்தத் தேர்வுகளைத் தோட்டம் தோட்டமாகப் பரப்பியவர்கள் சிறு நாற்றுக்காரர்கள். அரசு விரிவாக்கத் துறைக்கு எட்டாத வேகம் அது. இத்தொழிலைக் குறை சொல்வதற்கு முன் இதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், 45 செ.மீ. அகலமும் ஆழமும் கொண்ட குழிவாய்க்காலில் தட்டையை நட்டு, தொழுவுரமும் தண்ணீரும் நிழலும் கொடுத்தால், ஒன்றிலிருந்து ஓராண்டில் 30-க்கு மேற்பட்ட தட்டைகள் கிடைக்கும். தாய் சுத்தமாக இருந்தால் இது வரம். தாய்க்குக் கட்டே இருந்தால் முப்பதும் நோயாளிகள். நோய் ஏறிய செடியின் இளம் இலையில் வெளிறிய கோடுகள் தோன்ற வாரங்களோ மாதங்களோ ஆகும். விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பிறகு அசுவினி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும்.

தட்டைக்கு அலைச்சல் வருவதும் மோசமான காலங்களில்தான். 2018 ஆகஸ்டு மழையில் மலை சரிந்து தூர்கள் அழுகின. வரத்துக் குறைந்து விலை ஏற, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலையைக் கேட்ட பிறகு யார் பொறுத்திருப்பார்? காப்பி, மிளகு இருந்த இடத்திலும் ஏலம் ஏறியது. 2024 கோடையில் வெயில் வாட்டி, இடுக்கியில் பல ஆயிரம் ஹெக்டேர் ஏலம் காய்ந்தது. மறுநடவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டை தேடினார்கள். தேவை திடீரென்று வீங்கும்போது தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. காய்த்து ஓய்ந்த தோட்டத்தைப் பிரித்து விற்பது எளிது. நோய் பரவுவதற்கு இதைவிட வசதியான பருவம் இல்லை.

சமவெளியின் கதை தென்னை. 2016-இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முறையாகப் பதிவானது. மத்திய அமெரிக்கப் பூச்சி. இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை முட்டை, கீழ் ஓலைகளில் தேன்பாகு போன்ற கழிவு, அதன்மேல் கரும்பூஞ்சை. எப்படி வந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் முதலில் சுட்டியது வெளிநாட்டிலிருந்து வந்த கன்றுகளையும் அலங்காரச் செடிகளையும்தான். பிறகு அது தென்னிந்தியா முழுக்கப் பரவியதில் காற்றுக்கும் வண்டிக்கும் பங்கு உண்டு. என்கார்சியா என்னும் நுண்குளவி இயற்கையாகவே கூட வந்து பூச்சியைத் தின்னத் தொடங்கியது பேறு. மருந்து தெளித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும் என்று சொல்லிப் புரியவைக்கவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

வேர் வாடல் இன்னும் பழைய துயரம். கேரளத்தில் காற்றுவீழ்ச்சை என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டு, தென் கேரளத்தைத் தின்று, செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளை வாட்டுகிறது. நோய்க்காரணி பைட்டோபிளாஸ்மா, கண்ணாடி இறக்கைப் பூச்சி உள்ளிட்ட சாறுறிஞ்சிகள் அதைப் பரப்புகின்றன. மரம் உடனே சாகாது. ஓலை விலா எலும்புபோல் வளைந்து, காய் சிறுத்து, பல ஆண்டு நின்றே தேயும். குணப்படுத்தும் மருந்து இல்லை. இருக்கிற ஒரே நெடுங்கால வழி கன்றில்தான் இருக்கிறது. காயங்குளத்துத் தென்னை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், நோய் கடுமையாகத் தாக்கிய தோப்புகளின் நடுவிலேயே ஆரோக்கியமாக நிற்கும் முதிர்ந்த மரங்களைத் தேடி, பரிசோதித்து, தாய்மரமாக்கினார்கள். கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா ஆகியவை அந்த உழைப்பின் பலன். அந்த வித்துக்காய் தேவையில் சிறு பங்குக்குக்கூடப் போதாது. கிடைக்காத உழவர் சாலையோரத்தில் கிடைப்பதை வாங்குகிறார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விருப்பாட்சி வாழையை நினைவூட்டினால் போதும். கீழ்ப்பழனி, சிறுமலைச் சரிவுகளில் பரந்திருந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்தது. அந்த நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் அதை ஏற்றிச் சென்றதில் பக்கக்கன்றுக்குப் பெரும் பங்கு. பின்னர் திசு வளர்ப்பில் வைரஸ் நீக்கிய கன்றுகளை உண்டாக்கித்தான் அந்த வாழையை மீண்டும் மலைக்கு ஏற்ற முடிந்தது. மரவள்ளியும் அப்படித்தான். 2020-இல் திருச்சூரில் முதலில் பதிவான மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வட்டாரங்களை எட்ட அதிக காலம் ஆகவில்லை. மரவள்ளி கட்டுக்கட்டாகக் குச்சியாகப் பயணம் செய்யும் பயிர். ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகே நிலைமை திரும்பியது.

இனிச் சட்டம்.

1914-ஆம் ஆண்டின் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டம் இன்றும் அடிப்படை. அதன்கீழ் உள்ள பழைய மத்திய அறிவிக்கைப்படி, முடிக்கொத்து நோய் காரணமாகக் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வேறு மாநிலத்துக்குப் போகக் கூடாது. எல்லையில் இருப்பவர்களில் இதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? 1961-இல் உதகையில் உருளைக்கிழங்கு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து நீலகிரி உருளைக்கு உள்நாட்டுத் தடை வந்தது. கொடைக்கானல் மலையிலும் அந்தப் புழு உண்டு. வட்டவடை அந்த மலைக்கு அடுத்த வீடு. அங்கத்திய உழவர்கள் விதைக்கிழங்கைத் தமிழ்நாட்டுச் சந்தையில் வாங்குகிறார்கள். அவர்களுடைய பூண்டு விதைப்பூண்டாகப் பெரியகுளம் அருகே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. தடை காகிதத்தில் இருக்க, மூட்டை சாலையில் போகிறது. சோதிக்க ஆளில்லாத தடையால் நேர்மையான வியாபாரிக்குத்தான் நஷ்டம்.

1966 விதைச் சட்டம் கன்று, கிழங்கு, ஒட்டு, குச்சி எல்லாவற்றையும் 'விதை' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதன் கட்டுப்பாடு அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கு மட்டுமே. உழவர் கண்டெடுத்த தட்டையும் உள்ளூர்த் தென்னங்கன்றும் அதன் பார்வைக்கு வெளியே. பஞ்சாப் 1961-இலும் மகாராஷ்டிரம் 1969-இலும் பழ நாற்றங்கால்களுக்கெனத் தனிச் சட்டம் போட்டன. ஏலத்துக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் சான்று நாற்றங்கால் திட்டம் இருந்தது. அதில் சேராதவர் தாராளமாகத் தொழில் செய்யலாம். 2004-இல் மாநிலங்களவைக்கு வந்த விதை மசோதா நாற்றுப்பண்ணைகளைப் பதிவு செய்யச் சொன்னது, நிறைவேறவில்லை. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட புதிய வரைவும் அதையே சொல்கிறது. விற்பனையாளர், உற்பத்தியாளரோடு நாற்றுப்பண்ணைக்கும் மாநிலப் பதிவு. தடம் காண மின்னணு ஏற்பாடு. பெரிய குற்றங்களுக்கு இலட்சக்கணக்கில் அபராதம். உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்க, பகிர, பிராண்டு பெயரின்றி விற்க உள்ள உரிமையையும் வரைவு ஒப்புக்கொள்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் முன்பே கொடுத்த உரிமை அது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. தன் தோட்டத்துத் தட்டையைப் பத்து அண்டை வீட்டாருக்கு விற்கிறவர் உழவரா, நாற்று வியாபாரியா? அவரை வியாபாரி என்று எழுதிவிட்டால், ஞள்ளானியைப் பரப்பிய அதே கைகள் நாளை குற்றவாளிக் கூண்டில் நிற்கும். உழவர் என்று முற்றிலும் விட்டுவிட்டால், ஆண்டுக்கு இலட்சம் தட்டை விற்பவரும் அந்தப் போர்வைக்குள் நுழைவார். எண்ணிக்கை வரம்பு ஒன்றைச் சட்டத்திலேயே எழுதுவதுதான் நேர்மையான வழி. இதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடக் கூடாது.

பதிவு என்றதும் நில ஆவணம் வரும். இடுக்கியில் அதைப் போல வலிக்கும் இடம் வேறில்லை. 1897-இல் திருவிதாங்கூர் அறிவித்த ஏலமலை ஒதுக்குக் காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற தகராறு இன்னும் தீரவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. பட்டா இல்லாதவருக்கு நாற்றுப்பண்ணைப் பதிவு இல்லை என்று ஒரு விதி எழுதப்பட்டால், தலைமுறைகளாக ஏலம் வளர்க்கும் குடும்பங்கள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பாகிவிடும். நிலத்தின் உரிமையையும் செடியின் நலத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டக் கூடாது.

வரி விஷயம் ஒப்பீட்டளவில் தெளிவானது. உயிருள்ள செடிகளுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. தொட்டியிலும் பையிலும் வளர்ப்பது வேளாண்மையா என்று வருமான வரித்துறை எழுப்பிய கேள்வி, சௌந்தர்யா நர்சரி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு நாற்றுக்காரர் பக்கம் வந்தது. 2008 நிதிச் சட்டம் நாற்றுப்பண்ணையின் கன்று, நாற்று வருமானத்தை வேளாண் வருமானம் என்றே எழுதிவைத்தது.

பெரிய நம்பிக்கையாக அறிவிக்கப்பட்டது தூய நாற்றுத் திட்டம். 2024 ஆகஸ்டு 9 அன்று மத்திய அமைச்சரவை 1,765.67 கோடி ரூபாய் ஒதுக்கியது. வைரஸ் நீக்கிய தாய்ச்செடிகளை உருவாக்கி நாற்றுப்பண்ணைகளுக்குக் கொடுக்க ஒன்பது மையங்கள். திராட்சைக்குப் புனே, ஆப்பிளுக்கு ஸ்ரீநகர், ஆரஞ்சு வகைகளுக்கு நாக்பூர், மாதுளைக்குச் சோலாப்பூர், மா, கொய்யா, வெண்ணெய்ப்பழத்துக்குப் பெங்களூரு என்று பட்டியல் போகிறது. எண்ணம் அருமையானது, தொழில் உண்மையில் வேண்டுவதும் இதுதான். ஆனால் பட்டியல் பழங்களோடு நின்றுவிட்டது. ஏலம் இல்லை, மிளகு இல்லை, தென்னை இல்லை. கேரளத்தில் ஒரு மையமும் இல்லை. தட்டை மூலம் வைரஸ் பரவும் பயிருக்குத்தானே முதலில் தூய தாய் வேண்டும்?

ஆராய்ச்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. பாம்பாடும்பாறையில் 1956-இல் தொடங்கி இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் ஏல நிலையம், மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆராய்ச்சி நிறுவனம், எல்லைக்கு இந்தப்புறம் ஆழியாறில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை நிலையம். திசு வளர்ப்பு வாழைக்கு 2006 முதல் தேசியச் சான்று முறை இருக்கிறது. வைரஸ் சோதனை செய்யாமல் அங்கே சான்று கிடையாது. அறிவும் கூடமும் கையில் இருக்கின்றன. இல்லாதது தாய்ச்செடிப் பதிவேடு. எந்தத் தோட்டத்து எந்தச் செடி, எப்போது சோதிக்கப்பட்டது, எத்தனை தட்டை எடுக்கப்பட்டது என்ற நான்கு வரி. சிறு நாற்றுக்காரரிடம் உரிமம் கேட்பதைவிடத் தாய்ச்செடியின் முகவரியைக் கேட்பதே முறை. சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். அரசே சோதித்துச் சான்று கொடுத்த தாயின் தட்டையில் நோய் வந்தால், இழப்பீட்டுச் சுமை நாற்றுக்காரர் தலையில் விழக் கூடாது.

இரு மாநிலமும் சேர்ந்து செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் ஓடுகிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அதை அளக்க இரு மாநிலப் பொறியாளர்கள் கொண்ட கூட்டு நீர் ஒழுங்கு வாரியம் இருக்கிறது. சண்டையும் உண்டு, ஆனாலும் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கின்றன. கன்றுக்கும் அப்படி ஒரு மேசை வேண்டும். ஆழியாறும் காயங்குளமும் தத்தம் சோதித்த தாய்மரப் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், கொழிஞ்சாம்பாறை உழவர் ஆனைமலையில் கன்று வாங்குவதற்கு முன் விசாரிக்க ஓர் இடம் இருக்கும். பாம்பாடும்பாறையின் பட்டியல் தமிழிலும் அச்சாகிக் கம்பம், போடி உழவர் மையங்களில் தொங்க வேண்டும். ஏலத்தட்டை பெரும்பாலும் சூன், சூலை மழையில் நடப்படுகிறது. தோட்டக்காரர்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பட்டியல் சனவரிக்குள் வெளிவர வேண்டும். மழை தொடங்கிய பிறகு வரும் பட்டியல் அடுத்த ஆண்டுக்குத்தான்.